அரசுப் பல்கலைக்கழகம் அரசிடமே லாபி செய்யலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். மத்திய அரசிடம் நிதி கேட்டு லாபி செய்ய, அதாவது அதிகாரிகளையும் உறுப்பினர்களையும் சந்தித்துத் தங்களுக்குச் சாதகமாகப் பேச, வாஷிங்டனில் ஆள் வைத்திருக்கிறார்களாம். இது சட்டப்படி சரியா? அவளுடைய ஆய்வு மானியத்தில் கைவைக்கிறார்களா?

பதில்: சரிதான், ஒளிவுமறைவும் இல்லை. மாநில அரசு அதிகாரிகள் மத்திய அரசிடம் போய்ப் பேசினால் அது லாபி கணக்கில் வராது. ஆனால் லாபி செய்வோர் விவரம் வெளியிட வேண்டும் என்ற 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கு இந்த விலக்கைத் தரவில்லை. அரசுப் பல்கலைக்கழகமும் பதிவு செய்துகொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவைக் காட்டியாக வேண்டும்.

மானியத்தைத் தொட முடியாது. மத்திய அரசின் மானியப் பணத்தை லாபிக்குச் செலவிடக் கூடாது என்று 1989-இல் வந்த பைர்ட் திருத்தமும் மானியச் செலவு விதிகளும் அதைத் தடுக்கின்றன. சொந்த வருவாயிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். கல்விக் கட்டணமும் அந்த வருவாயில் சேர்ந்ததுதான் என்பது பெற்றோருக்குக் கொஞ்சம் உறுத்தலாம்.

அந்தக் காலாண்டு அறிக்கையை செனட்டின் லாபி பதிவேட்டில் இணையத்திலேயே யாரும் பார்க்கலாம். பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதுவோ பத்தாயிரம் டாலருக்கு முழுமையாக்கிய எண். அதற்குக் கீழே இருக்கும் மசோதாப் பட்டியல்தான் விஷயம். வணிகம், நீதி, அறிவியல் துறைகளுக்கான நிதி மசோதா என்றிருந்தால் தேசிய அறிவியல் அறக்கட்டளை, நாசா பணம். தொழிலாளர், சுகாதாரம், கல்வி மசோதா என்றால் என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் மருத்துவ ஆய்வு நிதியும் ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையும். வேளாண் மசோதா என்றால் பெரும்பாலும் 1887-ஆம் ஆண்டு ஹாட்ச் சட்டப்படி வேளாண் ஆய்வு நிலையங்களுக்குப் போகும் பணம். வெளி நிறுவனத்தை அமர்த்தியிருந்தால் அது தனியாக அறிக்கை தரும், அதையும் தேடுங்கள்.

எவ்வளவு கேட்டார்கள் என்பது அதில் இருக்காது. கட்டடம், ஆய்வுக் கருவி என்று குறிப்பிட்ட திட்டத்துக்கு நிதி ஒதுக்கச் சொல்லும் வழக்கத்தை 2011-இல் நிறுத்தி, 2021-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது அப்படிக் கேட்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று தன் இணையதளத்தில் போட வேண்டும். தனக்கோ குடும்பத்துக்கோ அதில் பண ஆதாயம் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும்.

உங்கள் மகளின் மானியம் தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்தோ என்.ஐ.எச்.-இலிருந்தோ வந்திருந்தால், பெரும்பாலும் சக அறிஞர்களின் மதிப்பீட்டில்தான் கிடைத்திருக்கும். லாபிக்காரர்கள் முட்டிமோதுவது அந்த அமைப்புகளுக்கான மொத்த ஒதுக்கீட்டுக்கும் விதிகளுக்கும். 2025 பிப்ரவரியில் மானியத்தோடு தரும் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீதம்தான் என்று என்.ஐ.எச். அறிவித்தபோது, பல்கலைக்கழகச் சங்கங்கள் நீதிமன்றம் போய் அதற்குத் தடை வாங்கின.

பதிவேட்டில் பெயர் கிடைக்கவில்லையா? சட்டப்பூர்வப் பெயரில் தேடிப் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அது 'தி ரீஜென்ட்ஸ் ஆஃப் தி யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா'.