அழுத்தினால் அசையாத பட்டன்

கேள்வி: பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். நான்கு பக்கம் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில் 'சமர்ப்பி' பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில், விளம்பரங்களையும் பின்தொடர்பவர்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் போட்டிருக்கிறேன். "அந்தத் தடுப்பானைத் தூக்கிடுங்க மாமா" என்கிறார் மருமகன். தூக்கிவிடலாமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தேனி

பதில்: வேண்டாம் ஐயா. அந்த ஒரு தளத்துக்கு மட்டும், விண்ணப்பம் போய்ச் சேரும்வரை மட்டும் திறந்துவிட்டால் போதும். அதற்கு முன் ஒன்று: பக்கத்தை அவசரப்பட்டு ரீலோட் செய்யாதீர்கள், நிரப்பியதெல்லாம் அழிந்துபோகலாம். நீளமாக அடித்த பகுதிகளை நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு யூபிளாக் சின்னத்தைத் தொடுங்கள். பெரிதாக ஒரு பவர் பட்டன் வரும். அதை அணைத்தால் அந்தத் தளத்துக்கு மட்டும்தான் அணையும், மற்ற தளங்களில் காவல் அப்படியே இருக்கும். ரீலோட் செய்து 'சமர்ப்பி'யை அழுத்திப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் முகவரிக் கட்டத்தின் இடது ஓரத்தில் இருக்கும் கேடயத்தைத் தொடுங்கள். அது ஃபயர்ஃபாக்ஸின் சொந்தத் தடுப்பு, அதையும் இந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் அணைக்காதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். யூபிளாக்கை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் தடுப்பு வழக்கமான அளவில் இருந்தால், சாதாரண விண்டோவில் பெரும்பாலும் குக்கிகளைத்தான், அதாவது தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளைத்தான், கட்டுப்படுத்தும். நம்மைப் பின்தொடரும் ஸ்க்ரிப்டையே, அதாவது பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலையே, நிறுத்துவது 'ஸ்ட்ரிக்ட்' அளவில்தான்.

பட்டன் ஏன் வாய் திறக்காமல் நின்றது? அதற்குப் பின்னால் இரண்டு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி, 'இவர் பட்டனை அழுத்திவிட்டார்' என்று கணக்கெடுக்கும் கம்பெனிக்குச் சொல்கிறது. இரண்டாம் வரி விண்ணப்பத்தை அனுப்புகிறது. கணக்கெடுக்கும் ஸ்க்ரிப்டைத் தடுப்பான் வாசலிலேயே நிறுத்திவிட்டதால், முதல் வரி கூப்பிடும் ஆள் அங்கே இல்லை. பட்டனை இயக்கும் ஜாவாஸ்க்ரிப்ட் நிரல் அந்த இடத்திலேயே இடறி நின்றுவிடும், இரண்டாம் வரிக்குப் போகவே போகாது. வருகைப் பதிவேடு எழுதுபவர் வரவில்லை என்று பள்ளிக்கூடத்தையே பூட்டி வைத்தால் எப்படி இருக்கும் ஐயா? அப்படித்தான்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், பட்டனை அழுத்துவதற்கு முன் எஃப்12-ஐ அழுத்தி, 'கன்சோல்' என்ற பகுதியைத் திறந்து வையுங்கள். பட்டனை அழுத்திய கணத்தில் சிவப்பாக ஒரு வரி விழும். அதில் ஏதோ ஒரு பெயரும் 'இஸ் நாட் டிஃபைண்ட்' என்ற சொற்களும் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். 'நான் ரோபோ அல்ல' என்ற பெட்டி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பெட்டி வேறு முகவரியிலிருந்து வருவது. கடுமையாகத் தடுத்தால் அதுவும் வராது, அது வராமல் படிவமும் நகராது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2016-ல் ஒரு தங்கும் விடுதிக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். 'அறை பதிவு' என்ற லிங்க் வேறொரு தளத்துக்குப் போக வேண்டும். எத்தனை பேர் அதை அழுத்துகிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். ஆகவே 'கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கணக்கெடுக்கும் சேவைக்குச் செய்தி போகட்டும், போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போ' என்று எழுதினேன். தடுப்பான் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பதில் வரவே வராது, லிங்க் செத்துக் கிடந்தது. சிவப்பு வரிகூட விழவில்லை. பல மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போனில் அழைத்துச் சொன்ன பிறகே தெரிந்தது. பதிலுக்கு ஒரு வினாடி மட்டும் காத்திருந்துவிட்டு எப்படியும் மேலே போகும்படி எழுதும் முறை அனலிட்டிக்ஸ் வழிகாட்டியிலேயே இருந்தது. அந்தச் சில வரிகளை நான் சேர்க்கவில்லை. அறை கேட்டு வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கணக்கு எந்த அனலிட்டிக்ஸிலும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தப்பு உங்கள் பக்கம் இல்லை. யாரும் பின்தொடர வேண்டாம் என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கெடுப்பவர் வராவிட்டாலும் பட்டன் வேலை செய்யும்படி எழுதுவது கட்டுபவரின் கடமை.

விண்ணப்பக் கட்டணம் கட்டும் பக்கம் பெரும்பாலும் வேறு தளத்தில் திறக்கும். கல்லூரித் தளத்துக்கு அணைத்தது அங்கே செல்லாது. பணம் கட்டும் நடுவில் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் ரீலோட் வேண்டாம், மறுபடி கட்டவும் வேண்டாம். முதலில் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பவர் பட்டனை மறக்காமல் திரும்பப் போடுங்கள். முடிந்தால் அந்தச் சிவப்பு வரியைப் படம் பிடித்து, எந்தப் பக்கம், எந்தப் பட்டன் என்று இரண்டு வரி எழுதிக் கல்லூரிக்கு மெயில் அனுப்புங்கள். ஃபயர்ஃபாக்ஸ் மெனுவிலும் உடைந்த தளத்தைப் பற்றிப் புகார் செய்ய இடம் இருக்கிறது. பேத்திக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் என் போனில் ஏதோ செட்டிங் மாற்றினான், விளம்பரம் எல்லாம் நின்றுவிட்டது. ஆனால் கடைகளிலிருந்து மெயிலில் வரும் லிங்க்கைத் தொட்டால் 'தளத்தை அடைய முடியவில்லை' என்கிறது. அதே கடைக்கு நேராகப் போனால் திறக்கிறது!
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: மகன் மாற்றியது 'பிரைவேட் டிஎன்எஸ்' ஆக இருக்கும் அம்மா. ஆண்ட்ராய்டு 9 முதல் அந்த வசதி உண்டு. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணைத் தரும் இடம்தான் டிஎன்எஸ். விளம்பரம் தடுக்கும் ஒரு டிஎன்எஸ்ஸின் பெயரை அந்தச் செட்டிங்கில் கொடுத்தால், அங்கேயே பின்தொடரும் கம்பெனிகளின் பெயருக்கு 'அப்படி யாரும் இல்லை' என்ற மாதிரி பதில் போய்விடும். மெயிலில் வரும் லிங்க் நேராகக் கடைக்குப் போவதில்லை. யார் தொட்டார்கள் என்று எண்ணும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் கடைக்குத் திரும்பும். அந்த நடு வாசல் அடைபட்டதால் கடையும் எட்டவில்லை.

பிரவுசருக்குள் இருக்கும் தடுப்பானுக்கு ஒரு வசதி உண்டு. நிறுத்திய ஸ்க்ரிப்டுக்குப் பதிலாக, ஒன்றும் செய்யாத ஒரு பொம்மையை அதே பெயரில் நிறுத்தி வைக்கும், பக்கமும் ஏமாந்து ஓடும். யூபிளாக் இதைச் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2021 மார்ச்சில், 87-ஆம் பதிப்பில், 'ஸ்மார்ட்பிளாக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. டிஎன்எஸ் தடுப்பால் அது முடியாது. கதவை அடைக்க மட்டுமே அதற்குத் தெரியும். அதனால்தான் அதில் உடைவது அதிகம்.

நீங்கள் செய்வதே சரி, கடையின் முகவரியை நேராக அடியுங்கள். போலி லிங்க்கிலிருந்தும் அது காப்பாற்றும். தவிர்க்கவே முடியாத லிங்க் என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி போட்டுக்கொள்ளுங்கள். மகன் கொடுத்திருக்கும் பெயரை மட்டும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில செய்தித் தளங்களில் கட்டுரை தெரிகிறது, ஆனால் கீழே நகர மாட்டேன் என்கிறது. மவுஸ் பழுதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. 'குக்கிக்குச் சம்மதமா' என்று கேட்கும் பெட்டி வரும்போது, பின்னால் இருக்கும் பக்கத்தைத் தளமே நகராமல் பூட்டிவிடும். உன் தடுப்பான் பெட்டியை மறைத்துவிட்டது, பூட்டு மட்டும் மிச்சம். முகவரிக் கட்டத்தில் தாள் போன்ற ரீடர் வியூ சின்னம் தெரிந்தால் அதைத் தொடு, கட்டுரை முழுதாகத் தனியே திறக்கும். சின்னம் இல்லாவிட்டால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்து, பெட்டி வந்ததும் 'மறுக்கிறேன்' என்பதை அழுத்து.

கேள்வி: தடுப்பான்தான் காரணமா என்று கண்டுபிடிக்க இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பார் என்கிறார்கள். சரியா?
– மெடிக்கல் ஷாப் ஊழியர், ஓசூர்

பதில்: குரோமில் சரி தம்பி. நாமாக அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷன் (யூபிளாக் போல பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்) எதுவும் அங்கே ஓடாது. ஃபயர்ஃபாக்ஸில் அதை நம்பாதீர்கள். அதன் பிரைவேட் விண்டோ சாதாரண விண்டோவைவிடக் கூடுதலாகத் தடுக்கும், நன்றாக ஓடும் தளமும் அங்கே உடையலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஹெல்ப் மெனுவில் 'டிரபிள்ஷூட் மோட்' இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் திறக்கும். அதில் பட்டன் அசைந்தால் தேனி ஐயாவுக்குச் சொன்னதையே நீங்களும் செய்யுங்கள்.