அந்தப் பாட்டிக்கு விடுப்பு கொடுங்கள்

கேள்வி: கற்பனைத் தீவு ஒன்றில் வாழும் மக்களைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அவர்களுக்கென்று குழந்தைப் பருவச் சடங்குகள் சில வேண்டும். இதுவரை ஒன்று யோசித்திருக்கிறேன்: ஏழு வயது முடிந்ததும் வரும் முதல் பௌர்ணமி இரவில், பாட்டி குழந்தையின் உள்ளங்கையில் சிறு விளக்கை ஏற்றி வைத்து, காதில் ஒரு ரகசியப் பெயரைச் சொல்வாள். படிப்பவர்கள் மனம் நெகிழும்படி இன்னும் நான்கைந்து சொல்ல முடியுமா? — வாசகி ஒருவர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: பாட்டி வந்துவிட்டாளா? நல்லது. வராமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

இந்தப் பத்திரிகைக்கு வரும் கற்பனைக் கதைகளில் இரண்டு சூரியன்கள் உதிக்கும் நாடு உண்டு, கடலுக்கு அடியில் நகரம் உண்டு, சிறகு முளைத்த மனிதர்கள் வாழும் மலை உண்டு. பாட்டி இல்லாத இடம் மட்டும் இல்லை. அதுவும் எல்லாருக்கும் ஒரே பாட்டி. வெள்ளைக் கூந்தல், சுருங்கிய கை, கையில் விளக்கு, வாயில் பழமொழி. அவளுக்கு முழங்கால் வலிக்காது. மருமகளோடு மனத்தாங்கல் கிடையாது. தொலைக்காட்சித் தொடர் தொடங்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழமாட்டாள். பௌர்ணமிதோறும் குன்றின்மேல் ஏறி நின்று குழந்தைகளின் காதில் எதையாவது சொல்வதற்கென்றே அவளை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. சேமநிதி கட்டுகிறார்களா என்று எந்தக் கதாசிரியரும் சொன்னதில்லை.

நான் அறிந்த பாட்டிகள் தேக்கா சந்தையில் இருக்கிறார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்று வந்தது என்று கடைக்காரருக்கே தீர்ப்புச் சொல்கிறார்கள். திங்களும் வியாழனும் டோட்டோ குலுக்கல். அன்று பள்ளி விட்டு வரும் பேரனை வாசலிலேயே நிறுத்தி, "யோசிக்காமல் ஒரு நம்பர் சொல்லடா" என்கிறார்கள். பையன் பதினேழு என்கிறான். அவன் இறங்கிய பஸ்ஸின் நம்பர் அது. விழுந்தால் அவன் ராசிக்காரன், மறுநாள் காலை முட்டைப் புரோட்டா. விழாவிட்டால் அந்தப் பதவி தங்கைக்குப் போய்விடும். அப்படிப் பதவி பறிபோன ஒருவர், இப்போது அவரே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். நெகிழ்ச்சி கேட்டீர்களே, இதோ. ஆனால் அந்தப் பாட்டி அதற்காகப் பாடுபடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது முதல் பரிசு.

உங்கள் விளக்குக்கு வருவோம். எரியும் விளக்கை உள்ளங்கையில் வைத்தால் ஏழு வயதுக் குழந்தை என்ன செய்யும்? கையை உதறும். எண்ணெய் பாட்டியின் சேலையில் தெறிக்கும். அந்தக் கூச்சலில் ரகசியப் பெயர் யார் காதில் விழும்? நெருப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோவிலை எழுப்பிய நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு என்று ஒன்று உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், புதுத்துணியின் நூல் 21 இழை சேர்த்துத் திரித்து, இனிப்பு மாவில் செருகிக் கொளுத்தி, எரிகிற சுடரோடு வாயில் போட்டு விழுங்குவார்கள். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். இதையே நீங்கள் கற்பனையாக எழுதி அனுப்பியிருந்தால், நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். முதல் தடவை இழை வாங்கப் போகும் பிள்ளையின் முகத்தில் நெகிழ்ச்சியைத் தேடாதீர்கள். பயம் இருக்கும். அண்ணன் விழுங்கிவிட்டானே என்ற வீம்பு இருக்கும். மாவின்மேல் ஒரு கண்ணும் இருக்கும்.

மற்ற நாளில் செய்தால் அடி விழும், இன்று மட்டும் செய்யலாம்: பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு பிடித்துப்போக இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பனம்பூக் கரியைத் துணியில் பொதிந்து, மட்டைக்குள் வைத்துக் கட்டி, தீ மூட்டி, தலைக்குமேல் கயிற்றால் சுழற்றிப் பொறி பறக்கவிடும் மாவலியைத் திருக்கார்த்திகை தவிர வேறு எந்த நாளில் அப்பா அனுமதிப்பார்? கலித்தொகையில் ஒரு பெண் தோழியிடம் பழைய கதை சொல்கிறாள். தெருவில் கட்டிய மணல் வீட்டை ஒருவன் காலால் எத்தினான், பூமாலையை அறுத்தான், வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்தப் போக்கிரித்தனத்துக்கு ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாகப் பத்துப் பாட்டு. கேட்பவன் முருகனாகவே இருந்தாலும் கேட்கமாட்டான் என்பது பாடியவருக்கும் தெரியும். நம் முன்னோர் குழந்தைகளை அறிந்தவர்கள். உங்கள் தீவில் எந்தக் குழந்தையும் எதையும் உதைப்பதில்லையே, ஏன்?

சடங்கை இட்டுக்கட்டுவது குற்றமில்லை. இந்த ஊரே அதற்குச் சாட்சி. சீனப் புத்தாண்டில் மேசையைச் சுற்றி நின்று, பச்சை மீனையும் துருவிய காய்களையும் குச்சிகளால் உயரத் தூக்கிக் கலைக்கிறார்களே, அந்த யூஷெங் இன்றுள்ள வடிவத்தில் 1964இல் இங்கே நான்கு சமையல்காரர்கள் உருவாக்கியது என்று சொல்லப்படுகிறது. மலேசியர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், அது அவர்கள் வழக்கு. அதே 1964இல்தான் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக வரையப்பட்டது. வரைந்தவர் மீன் காட்சியகத்தில் பணியாற்றிய ஓர் ஆய்வாளர். 1972இல் ஏறக்குறைய எட்டரை மீட்டர் உயரத்துக்குச் சிலையாக எழுந்தது. ஒன்று சமையலறையில் பிறந்தது, மற்றது அலுவலகத்தில். மெர்லயன் முன்னால் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஐஸ்கிரீம் கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். யூஷெங் தட்டைச் சுற்றியோ அவர்களைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. சாப்பாட்டை இறைத்தால் அதட்டும் அம்மா, அன்று "இன்னும் உயரமாக!" என்கிறாள். விடுவார்களா?

பள்ளிக்கூடங்களில் ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாள் வரும்போது நான் எழுதுவது பழைய வாசகர்களுக்குப் பாடமாகியிருக்கும். இருந்தாலும் இந்த ஆண்டுக்கும் எழுதிவிடுகிறேன். ஐந்துகல்லை மேசைமேல் வைத்து, பக்கத்தில் விளக்க அட்டை ஒட்டி, வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு தடவை தூக்கிப்போட்டுவிட்டுப் போகச் சொல்வது விளையாட்டு ஆகாது. பச்சைப்பயறு அடைத்த அந்தத் துணிப் பொட்டலங்களில் ஒன்று தரையில் கிடக்கும் இன்னொன்றை அசைத்ததா இல்லையா என்று இரண்டு சிறுமிகள் சண்டை போட்டு, மூன்றாவது சிறுமி சாட்சி சொல்ல மறுத்து, மறுநாள்வரை மூவரும் பேசாமல் இருந்தால் அது ஐந்துகல்.

பல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் வழக்கம். வீவக அடுக்குமாடி வீட்டில் சாணமும் இல்லை, எட்டும் கூரையும் இல்லை. மாடியிலிருந்து எதையாவது எறிந்தால் வழக்குப் பாயும். ஒரு நாள் மாலை எங்கள் புளோக்கின் கீழே ஓர் அப்பாவும் மகனும் நிற்கிறார்கள். பல்லை மெல்லிய தாளில் சுற்றி, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதையின் கூரையைக் குறிபார்க்கிறார் அப்பா. தாள் காற்றில் திரும்பி வருகிறது. பையன் தானே எறிவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கி எறிகிறான். பொட்டலம் தூணில் பட்டுப் பிரிகிறது. பிறகு இருவரும் குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தில், கால்வாய் ஓரமாக அரிசி அளவுப் பல்லைத் தேடுகிறார்கள். காய்கறித் தள்ளுவண்டியோடு வந்த ஒரு சீன மூதாட்டி (ஆமாம், இங்கேயும் ஒரு பாட்டி, கையில் விளக்கு இல்லை, கைலான் கீரை) நின்று விசாரித்தார். மேல் பல்லா, கீழ்ப் பல்லா? பையன் வாயைத் திறந்து காட்டினான். மேல் பல். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கீழ்ப் பல்தான் கூரைக்கு, மேல் பல் கட்டிலுக்கு அடியில் போகவேண்டும், அப்போதுதான் புதுப்பல் கீழ்நோக்கி நேராக வளரும் என்பது அவர்கள் வழக்கம். பல் கிடைத்தது. மின்தூக்கியில் ஏறும்வரை பையன் புலம்பிக்கொண்டே போனான்: இன்னும் ஒரு தடவை எறியவிடவில்லையே!

இரண்டு வழக்கங்கள் நடைபாதையில் மோதிக்கொண்டு, எது சரி என்று யாருக்கும் தெரியாத அந்த நிமிடத்தை உங்கள் தீவுக்குக் கொண்டுபோங்கள். தீவு முழுவதும் ஒரே சடங்கு, அதை எல்லாரும் ஒரே மாதிரி செய்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பக்கத்துக் கிராமத்தார் விளக்கை இடது கையில் வைக்கவேண்டும் என்று சொல்லிச் சம்பந்தத்தையே முறித்துக்கொள்ள வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை. தீவில் செடிகொடி வைப்பதாக இருந்தால் பார்த்து வையுங்கள். முன்பு இங்கே வந்த ஒரு கதையில், சிறுமி சாலையோர மரத்தடியில் குன்றிமணி பொறுக்கி, எண்ணிக்கை தப்பாமல் இருக்க வாயில் அடக்கிக்கொள்வாள். அது ‘சாகா’ என்ற பெயருள்ள மரம். அதன் விதை முழுச் சிவப்பு. நூறு சேர்த்தால் நினைத்தது நடக்கும் என்று இங்குள்ள பிள்ளைகள் பொறுக்குவது அதைத்தான். குன்றிமணி கொடியில் காய்ப்பது, ஒரு முனையில் கறுப்பு, மென்றால் ஆளைக் கொல்லும் நஞ்சு. கதாநாயகி மூன்றாம் பக்கத்திலேயே செத்திருப்பாள் என்று எழுதினேன். அதற்கு ஈசூன் வாசகர் ஒருவர், சாகாவுக்கு ஆனைக்குன்றிமணி என்றும் பெயர் உண்டு, ஆகவே கதை சரி என்று நீண்ட கடிதம் போட்டார். பெயர் உண்டுதான், ஐயா. கதையில் ஆனை எங்கே? ஆனையை விட்டுவிட்டுக் குன்றிமணியை மட்டும் பிள்ளை வாயில் போட்டது யார்? இன்றுவரை பதில் இல்லை. காத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட நான்கைந்தை நான் தரப்போவதில்லை. ஒன்று தருகிறேன், அதுவும் டோட்டோ பாட்டியிடம் வாங்கியது. படகுகள் புறப்படும் முன், அந்தத் தெருவிலேயே கடைசியாகப் பேசக் கற்ற குழந்தையைக் கரைக்குத் தூக்கி வந்து திசை கேட்கிறார்கள். அது கைநீட்டிய பக்கம் முதல் வலை விழவேண்டும். மீன் அகப்பட்டால் சினை முழுவதும் அதற்கு. அகப்படாவிட்டால் அடுத்த குழந்தை பேசத் தொடங்கும்வரை அதற்கு ‘வெறும்வலை’ என்று பெயர். அம்மாவைத் தவிர எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவனான பிறகும் சிலருக்கு அது போகாது. கதாநாயகன் அவர்களில் ஒருவனாக இருந்தால் எனக்குப் படிக்க ஆசை.

ரகசியப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், அது கெட்டியான சரக்கு. ஆனால் அது ஒரு வாரத்துக்கு மேல் ரகசியமாக இருக்கக்கூடாது. கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்ட தம்பி அதைத் தெருப்பிள்ளைகளிடம் விற்றிருப்பான். என்ன விலைக்கு விற்றான்? இந்த ஊர் என்றால் இரண்டு கறிபஃப் என்று நானே சொல்லிவிடுவேன். உங்கள் தீவில் என்ன தின்பண்டம் என்பதைக் கண்டுபிடித்து, அந்த அத்தியாயத்தை முதலில் எழுதி அனுப்புங்கள்.