ஆரிகுலா பினாங்கில் பூக்குமா? – கேள்வி பதில்

ஆல்ப்ஸ் மலைக் குட்டைச் செடியான ஆரிகுலா பிரிமுலா பற்றி பினாங்கின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எங்கள் தோட்டக் குழுவின் அக்கா பதில் தருகிறார்.

ஆயர் ஈத்தாம்: அக்கா, ஏர்கோன் அறையில் வளர்க்கலாமா?

வேண்டாம்மா. பனிக்கடியில் மாதக்கணக்கில் உறங்கி எழும் செடி அது. ஏர்கோன் குளிரைத் தரும். மலை வெளிச்சத்தையும் காற்றையும் தராது. வெளியே வைத்தால் நம் ஊர் இரவுச் சூடே போதும், கிழங்கு போன்ற தண்டு அழுகிவிடும்.

பட்டர்வொர்த்: படத்தில் இலையெல்லாம் வெள்ளையாக இருக்கிறதே, மாவுப்பூச்சியா?

இல்லை, செடியே சுரக்கும் மாவு. விரல் பட்டால் ரேகை பதியும், ஒரு மழைத்துளி விழுந்தால் கோடு கிழிக்கும். அதனால்தான் போட்டிக்கு வளர்ப்பவர்கள் கண்ணாடிக் கூரையின் கீழ் வைத்து, மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுகிறார்கள். பூவின் நடுவில் தெரியும் வெள்ளை வளையமும் அதே மாவுதான். ஆனால் தண்டின் கழுத்தில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது வேர் அசுவினி, சாறு உறிஞ்சும் பூச்சி. உடனே சட்டியிலிருந்து எடுத்துக் கழுவ வேண்டும்.

பாயான் லெப்பாஸ்: காட்டுச் செடி மஞ்சள்தானே, மற்ற நிறங்கள் எப்படி வந்தன?

மஞ்சள் ஆரிகுலா சுண்ணாம்புப் பாறையில் வளரும். இளஞ்சிவப்பான பிரிமுலா ஹிர்சுட்டாவுக்கு அமிலப் பாறை பிடிக்கும். இரண்டு பாறையும் சந்திக்கும் இடத்தில் செடிகளும் கலந்தன; அந்தக் கலப்புதான் பிரிமுலா பியூபசென்ஸ். 16-ஆம் நூற்றாண்டிலேயே வியன்னாவில் தாவரவியலாளர் குளூசியஸ் இதை வளர்த்தார். தோட்டத்து ஊதா, அடர்சிவப்பு எல்லாம் இந்த வழியில் வந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பச்சை விளிம்பு பூ தோன்றியது. அந்தப் பச்சை இதழே அல்ல, இதழோரம் இலைத் திசுவாக மாறியது! எனக்கு இதைவிட வியப்பான பூ கிடையாது.

ஜெலுத்தோங்: இணையத்தில் விதை வாங்கினால் படத்தில் உள்ளது போலவே வருமா?

வராது தம்பி. கலப்பினத்தின் விதை தாயைப் போல இருக்காது. பெயருள்ள ரகத்தைப் பக்கக்கன்று பிரித்துத்தான் பெருக்குவார்கள். விதை முளைக்கவும் குளிர்ச்சி வேண்டும். காசை வீணாக்காதீர்கள்.

பாலிக் புலாவ்: அப்போ நாங்கள் எதை வளர்ப்பது?

நம் மலைகளில் வளரும் பூச்செடியான வைரேயா ரோடோடென்ட்ரான் இருக்கிறதே! அதில் வெள்ளைக் குழல் பூவுள்ள ஜாஸ்மினிஃப்ளோரம் என்ற இனத்தை ஜாவானிக்கம் என்ற இனத்தோடு சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணை அழகான கலப்பினங்களை உருவாக்கியது. ஜாஸ்மினிஃப்ளோரத்துக்கு மலைக் குளிர் வேண்டும். சமவெளியில் ஜாவானிக்கம் வழி வந்ததைத் தேடுங்கள். தோட்ட மண் வேண்டாம். மரப்பட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் தேங்காய் நார் கலந்து, ஆர்க்கிட் மாதிரி காற்றோட்டமாக நடுங்கள். காலை வெயில் போதும்.