ஆறாவது ஜாப் கார்டு

கேள்வி: கார் வாங்கி 2 வருடம் 2 மாதம் ஆகிறது. வாரண்டி 3 வருடம். முதல் வருடம் தொல்லை எதுவும் இல்லை. அதன் பிறகு நெரிசலில் ஊர்ந்து போகும்போது திடீரென்று எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுப்பதில்லை. ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. இதுவரை ஆறு தடவை சர்வீஸுக்கு விட்டாயிற்று. த்ராட்டில் பாடி, ஃப்யூயல் பம்ப், இரண்டு சென்சார் மாற்றினார்கள். சாஃப்ட்வேர் இரண்டு முறை ஏற்றினார்கள். எல்லாம் இலவசம், ஒவ்வொரு முறையும் பளபளவென்று கழுவித் துடைத்துத் தருகிறார்கள். ‘வாரண்டி முடிவதற்குள் தள்ளிவிடலாம்’ என்கிறார் கணவர். ‘இத்தனை பாகம் புதிதாகப் போட்டாயிற்று, இனிமேல் விற்பவன் முட்டாள்’ என்கிறார் மாமனார். நான்தான் தினமும் ஓட்டுகிறேன், பின்சீட்டில் குழந்தை. மேம்பாலத்தில் நின்றுவிட்டால் என்ற பயத்தில் இப்போதெல்லாம் கீழ்ச்சாலையில் சுற்றிக்கொண்டு போகிறேன். வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? விற்பதானால் வாங்குபவரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: கழுவித் துடைத்துத் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் சர்வீஸ் அட்வைசராக 22 வருடம் உட்கார்ந்தவன் நான். கோளாறு பிடிபடாத வண்டியைத்தான் நாங்கள் ரொம்ப நன்றாகக் கழுவுவோம். மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கணவர் எத்தனை தடவை போயிற்று என்று எண்ணுகிறார். மாமனார் எத்தனை பாகம் மாறிற்று என்று எண்ணுகிறார். இரண்டு கணக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் சர்வீஸுக்கு விடும்போது எழுதித் தந்த அந்த ஆறு ஜாப் கார்டுகளையும் எடுத்துத் தேதி வரிசையில் மேஜையில் பரப்புங்கள். எந்தக் கம்பெனி கார்டானாலும் மூன்று சங்கதி இருக்கும்: நீங்கள் சொன்ன குறை, அவர்கள் கண்டுபிடித்தது, அவர்கள் செய்தது. முதலாவதும் மூன்றாவதும் நிரம்பி வழியும். நடுவில் உள்ளதைப் படியுங்கள். ‘சோதித்ததில் குறை காணப்படவில்லை’ என்றோ, வெறும் கோடாகவோ இருந்தால், மாற்றிய பாகங்கள் அத்தனையும் ஊகத்தில் மாற்றியவை. பட்டறையில் இதற்கு ‘மாத்திப் பார்ப்போம்’ வைத்தியம் என்று பெயர். பாகம் மாட்டுகிற வேலைக்குக் கம்பெனி இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பணம் தந்துவிடும். அரை நாள் உட்கார்ந்து வயர் வயராகத் தேடுகிற மெக்கானிக்குக் கிடைப்பது மேலாளரின் முறைப்பு. வாரண்டி வண்டிகளில் இந்த வைத்தியம் ஏன் அதிகம் என்று இப்போது புரியும்.

மாமனார் கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்ல பம்பைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பம்பை மாட்டியதால் வண்டி புதிதாகிவிடாது. கோளாறு வேறெங்கோ இருந்தால் அது இருக்கிற இடத்தில் அப்படியேதான் இருக்கும்.

என் சொந்த வண்டிக் கதையைச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். எப்போதும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறை. நான் வேலை செய்த இடத்திலேயே 14 மாதம் இழுத்தது. நான்கு பாகம் மாற்றினோம். கடைசியில் விற்பதென்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், யாரும் சொல்லாமலே, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, ‘ஸ்டார்ட் பண்ணுங்க சார்’ என்றான். பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கிற எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அந்த நேரத்தில் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 1.3 காட்டியது. பேட்டரித் தட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டைச் சுற்றிப் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினான். பத்து நிமிட வேலை. அந்த வண்டியை அப்புறம் ஆறு வருடம் ஓட்டினேன்.

இதைச் சொன்னதும், ‘அப்படியானால் வைத்துக்கொள்ளலாம் போல’ என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் தெரிந்தும் கைவிட வேண்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். வயரிங்குக்குள் தண்ணீர் ஏறிய வண்டி அப்படித்தான். இன்று ஒரு இணைப்பைச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று அரிக்கும். கம்பெனி வடிவமைப்பிலேயே தவறு இருப்பது இன்னொரு வகை. இதைப் பிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. ஒரே பாகத்தை இரண்டு முறை மாற்றியிருந்தால் பில்லில் உள்ள பாக எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி அந்தப் பாகத்தைத் திருத்தியிருந்தால் பெரும்பாலும் எண்ணின் கடைசி எழுத்தோ இலக்கமோ மாறியிருக்கும். அச்சு அசலாக அதே எண் என்றால், முதலாவது செய்ததைத்தான் இரண்டாவதும் செய்யும். கூடவே, ‘இந்தக் குறைக்குக் கம்பெனியிலிருந்து சர்க்குலர் ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் தேடுவார்கள். கேட்காதவருக்காக நான் தேடியதில்லை.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள், ஏழாவதாக. ஆனால் இந்த முறை உங்கள் நிபந்தனைப்படி. அடுத்த தடவை விளக்கு எரிந்ததும், ஓரமாக நிறுத்திய பிறகு, மீட்டர் பலகையைப் போனில் வீடியோ எடுங்கள். அந்த விளக்கு எரிகிற நொடியில் வேகம் எவ்வளவு, எஞ்சின் சுற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று வண்டிக் கம்ப்யூட்டர் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். யாராவது பேட்டரி வயரைக் கழற்றினாலோ, ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்தாலோ அந்தக் குறிப்பும் போய்விடலாம். அதனால், ‘எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் ரிப்போர்ட்டை அச்செடுத்து என் கையில் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். இதுவரை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு அட்வைசரை விட்டுவிட்டு மெக்கானிக்கையே பக்கத்தில் உட்கார வைத்து, வழக்கமாகக் கோளாறு வருகிற அதே நேரத்தில், அதே நெரிசலில் ஓட்டிக் காட்டுங்கள். பட்டறையைச் சுற்றி இருக்கிற காலியான சாலையில் இரண்டு கி.மீ. ஓட்டிவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று நான் கையெழுத்துப் போட்ட கார்டுகளுக்குக் கணக்கே இல்லை.

கார்டில் எழுதும் வாசகத்தையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் பத்து வரி சொல்வார், நான் ‘பிக்கப் குறைவு’ என்று இரண்டு சொல் எழுதுவேன். அடுத்த முறை ‘லைட் எரிகிறது’. அதற்கடுத்து ‘மிஸ்ஸிங்’. ஒரே நோய்தான், ஆனால் காகிதத்தில் மூன்று தனித்தனிக் குறைகள். நாளைக்கு நீங்கள் வழக்கு என்று போனால் இது உங்களைக் கவிழ்த்துவிடும். ஏழாவது கார்டில் ‘முன்பு ஆறு முறை பதிவான அதே குறை’ என்று முந்தைய தேதிகளோடு எழுத வைத்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி இரண்டும் இருக்க வேண்டும்.

இவ்வளவு கறாராக ஏன் என்றால், சட்டம் எண்ணுவது இவற்றைத்தான். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். தேறாத வண்டியை அமெரிக்காவில் ‘லெமன்’ என்பார்கள். 1982-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய லெமன் சட்டம் பிறகு எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. பல இடங்களில் அளவுகோல் இதுதான்: குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை, அல்லது பட்டறையில் கிடந்த நாள் மொத்தம் 30. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து இத்தகைய சட்டம் உண்டு. வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று விற்றவர் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு முறை பழுது பார்த்தும் சரியாகாவிட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வருகிறது. இந்தியாவில் கார்களுக்கென்று தனியாக இப்படி ஒரு சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு எது பொருந்துமோ அதை இந்த வாரமே விசாரித்துவிடுங்கள். வாரண்டியில் இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். சட்டத்தின் கெடு வாரண்டியைப் பார்த்து ஓடுவதில்லை.

ஏழாவது முறைக்கு ஒரு மாதம் கெடு வைத்து, டீலரைத் தாண்டிக் கம்பெனிக்கே எழுதுங்கள். கம்பெனிப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்குள் கோளாறுக்குக் காரணம் இதுதான் என்று எழுத்தில் தந்து, சரிசெய்து, அதே நெரிசலில் நீங்கள் ஓட்டிப் பார்த்தும் வரவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்னொரு சென்சார் மாற்றியிருக்கிறோம், ஓட்டிப் பாருங்கள்’ என்றால் மாற்றிவிடுங்கள். எட்டாவது வேண்டாம்.

கண்ணாடி இறங்காத கோளாறு என்றால் நான் இப்படிக் கறாராகப் பேசமாட்டேன், பொறுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். இது பின்னால் லாரி வரும்போது இழுவை போகிற கோளாறு. நீங்களே பாலத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறீர்கள். கணவரும் மாமனாரும் அந்த வண்டியை ஒரு வாரம் அந்தப் பாலத்தின் மேல் ஓட்டிவிட்டு வந்து பேசட்டும்.

வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள். பொருளியல் படித்த என் மகள் ஜார்ஜ் அகர்லாஃப் என்பவரைப் பற்றி அடிக்கடி சொல்வாள். பழைய கார் சந்தையை வைத்து 1970-இல் ஒரு கட்டுரை எழுதி, 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வண்டியின் வண்டவாளம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வருவதில்லை. கடைசியில் சந்தையில் மிஞ்சுவது லெமன்கள்தான். என் மகள் இதை ஒரு மணி நேரம் விளக்கினாள். பழைய வண்டித் தரகர்கள் இதையே ஒரு கண் சிமிட்டலில் சொல்வார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: தனி ஆளுக்கு விற்காதீர்கள். அவர் வீட்டிலும் பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம். ஆறு முறை பழுது பார்த்த அதே டீலரிடமே எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். வரலாறு முழுக்க அவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, மறைக்க எதுவும் இல்லை. விலையைக் குறைத்துப் பேசினால் அந்த ஆறு கார்டுகளையும் மேஜையில் வையுங்கள். ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதியவர் எதற்காகக் குறைக்கிறார் என்று விளக்கட்டும். கொஞ்சம் நஷ்டம் வரத்தான் செய்யும். வாரண்டி மிச்சமிருக்கும்போதே போனால் அது குறையும் என்ற அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி.

கேள்வி: சார், நான் வாங்கிய புது வண்டியில் எட்டு மாதத்தில் நான்கு கோளாறு. முதலில் ஹாரன் அழுத்தினால் நிற்கவில்லை. அப்புறம் ஒரு கதவுப் பூட்டு. அப்புறம் ஏ.சி. வாயு கசிவு. போன வாரம் பின் விளக்கு. எல்லாம் ஒரே தடவையில் சரியானது. ஆனாலும் ராசியில்லாத வண்டியோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. மாற்றிவிடட்டுமா?
– ஓர் இளைஞர்

பதில்: தம்பி, மேலே உள்ள அம்மாவின் கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு நான்கு கோளாறு, நான்குக்கும் காரணம் தெரிந்தது, நான்கும் முதல் தடவையிலேயே போயிற்று. கதவைச் சுற்றி எங்காவது நீர் கசிந்த தடயம் தெரிகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பூட்டும் பின் விளக்கும் ஒரே பக்கமாக இருந்தால், அந்தப் பக்க வயரிங்கில் தண்ணீர் ஏறியிருக்குமோ என்று எனக்குச் சின்னச் சந்தேகம் உண்டு. எதிரெதிர்ப் பக்கம் என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். அந்த ஹாரன் நிற்காமல் அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.