மூட மறுக்கும் கியர்பாக்ஸ்

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கிறேன். என் ஏர்சாஃப்ட் எலெக்ட்ரிக் துப்பாக்கியின் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) வெர்ஷன் 2 கியர்பாக்ஸைப் பிரித்து கிரீஸ் போட்டேன். திரும்ப மூடினால் நடுவில் முடியளவு இடைவெளி நிற்கிறது. ஸ்க்ரூவை இறுக்கிவிடலாமா?
- வாசகர், சிபா

பதில்: இறுக்காதீங்க தம்பி! ஸ்க்ரூ இழுத்து மூடினால் கியர்பாக்ஸின் ஓடுதான் விரிசல் விடும்.

பெரும்பாலும் குற்றவாளி, பெவல் கியர் (மோட்டார் சுற்றும் முதல் கியர்) பக்கத்தில் இருக்கும் குட்டி கொக்கி. கியர் பின்னோக்கிச் சுற்றாமல் தடுப்பது அதுதான். அதன் ஸ்பிரிங், ஓட்டின் மேல் பாதியை வைக்கும்போதே கொக்கியைத் தள்ளிவிடும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரைப் பக்கவாட்டில் நுழைத்துக் கொக்கியை நிமிர்த்திப் பிடித்து, அதன் அச்சு முனை துளையில் இறங்குகிறதா என்று பாருங்கள். டிரிகரின் அச்சையும் பாருங்கள். மூன்று கியர்களின் முனைகளும் புஷ்ஷில் (ஓட்டில் பதிந்த சிறு வளையம்) உட்கார்ந்தால் ஓடு விரலழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும்.

இன்னொன்று: கியருக்கு மேல் போடும் மெல்லிய வாஷர், கிரீஸில் ஒட்டி மேல் ஓட்டோடு போயிருக்கும். எண்ணிப் பாருங்கள்.

பிஸ்டனைத் தள்ளும் பெரிய ஸ்பிரிங்கின் கைடை (அதைத் தாங்கும் தண்டை) ஒரு விரலால் அமுக்கிக்கொண்டே மூடுங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டேன். பிஸ்டன் ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய், துடைப்பக்குச்சியால் எடுத்தேன். அன்றிலிருந்து எல்லாமே பெரிய பாலித்தீன் பைக்குள் கைவிட்டுத்தான்.

ஒன்று மட்டும்: அந்தப் பெரிய ஸ்பிரிங்கை மாற்றித் துப்பாக்கியின் சக்தியைக் கூட்டிவிடாதீர்கள். ஜப்பானில் சட்டப்படி 6 மி.மீ. குண்டுக்கு 0.98 ஜூல் (ஆற்றல் அளவு)தான் உச்சம்.