நீங்கள் பார்த்ததை அவளிடம் சொன்னீர்களா?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு. எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுகிறாள். நீச்சல் வகுப்பில் சேர்த்தோம்; ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டாள், அதோடு சரி. கீபோர்டு நான்கு மாதம். செஸ் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாள். அன்றைக்கே பலகை பரணுக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் வீட்டில் அவளோடு ஆடும்போதெல்லாம் நான்தான் தோற்றுக்கொடுப்பேன். அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது.

ஐந்தாம் வகுப்புவரை முதல் மதிப்பெண் வாங்கியவள். மிகவும் புத்திசாலி. ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள், நானும் நாள்தோறும் சொல்வேன். இப்போது கணக்கு என்றாலே ஓடுகிறாள். கொஞ்சம் கடினமான கணக்கைக் கொடுத்தால் இரண்டு நிமிடம்கூட முயலாமல் பென்சிலை வைத்துவிடுகிறாள் என்கிறார் டியூஷன் ஆசிரியர். வீட்டிலோ, புத்தகத்தில் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கும் கணக்குகளை மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். அப்படியும் மதிப்பெண் வருவதில்லை.

நான் என்ன குறை வைத்தேன்? நோட்டை மறந்துவிட்டுப் போனால் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். போன மாதம் அறிவியல் மாதிரியை இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து நானே ஒட்டிக் கொடுத்தேன். ‘நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்’ என்கிறார் கணவர். அவர் ஒருநாளாவது அவளோடு உட்கார்ந்திருப்பாரா? எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் பார்க்கிறேன்.

போன வாரம் அவள் பையில் ஸ்கேல் தேடியபோது கணக்கு விடைத்தாள் கிடைத்தது. நூற்றுக்கு 31. கீழே என் கையெழுத்து. நான் போட்டதல்ல. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுவதும் என் கையெழுத்தையே வரிசை வரிசையாகப் போட்டுப் பழகியிருக்கிறாள். என் பெயரின் கடைசி எழுத்தில் நான் இழுக்கும் சுழிகூட அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், எதுவும் கேட்கவில்லை. அது கிடக்கட்டும். என் கவலை அவளுடைய எதிர்காலம்தான். ஒரு சின்னத் தோல்வியைக்கூடத் தாங்காத பெண் நாளைக்கு எப்படிப் பிழைப்பாள்? பிள்ளைகளுக்கு மனவுறுதி வளர்க்கும் பயிற்சி வகுப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். டியூஷனையும் மாற்றிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

நீச்சல், கீபோர்டு, செஸ், டியூஷன், கணவர் ஆகிய ஐந்தையும் இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன். ‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

அந்தக் கடைசிப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் சுழி கோணலாக வந்திருக்கும். பார்த்திருப்பாள், சரியில்லை என்று அடுத்ததைப் போட்டிருப்பாள். உங்கள் கை எங்கே அழுத்துகிறது, எங்கே தூக்கி எழுதுகிறது என்று கவனித்திருப்பாள். பக்கம் நிரம்பும்வரை விடவில்லை. இரண்டு நிமிடம்கூட முயலமாட்டாள் என்று நீங்கள் சொல்லும் அதே பெண்தான் இவள். அவள் செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முயற்சி இல்லாத பிள்ளை என்று மட்டும் சொல்லாதீர்கள். இருக்கிற விடாமுயற்சி முழுவதும் 31 என்ற எண்ணை உங்கள் கண்ணில் படாமல் மறைப்பதற்குச் செலவாகிறது.

ஏன் உங்களிடமிருந்து மறைக்க வேண்டும்? நீங்கள் அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவராகவும் தெரியவில்லை. பிள்ளை கண்டிப்புக்குத்தான் பயப்படும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புகழ்ச்சிக்கும் பயப்படும்.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள், வேறு சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்து, எல்லோருமே தடுமாறும்படியான கடினமான புதிர்கள். அதற்குப் பின் மறுபடியும் எளிதானவை கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டு கேட்டவர்கள் முன்னேறினார்கள். என் மனதில் தைத்தது இதற்கு அடுத்த பகுதி. முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்று கேட்டபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் அதைக் கூட்டி எழுதினார்கள். யாரென்றே தெரியாத ஒருவரிடம்கூட அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உங்கள் மகளோ, அந்தப் பெயரை நாள்தோறும் வைக்கும் அம்மாவிடம் 31-ஐக் காட்ட வேண்டும்.

பாராட்டும் வாக்கியத்தை மாற்றினால் பிள்ளை மாறிவிடும் என்று பின்னாளில் இதை வைத்துக் கடை விரித்தவர்கள் உண்டு. அவ்வளவு எளிதில்லை, பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் தெரிந்த பலன் சிறியதுதான். நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டில் தோல்வி எப்போதாவது வெளிச்சத்தில் நின்றிருக்கிறதா? செஸ்ஸில் தோற்றுக்கொடுத்தீர்கள். மறந்த நோட்டு அவளுக்குப் பின்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டது. மாதிரியை நீங்கள் ஒட்டினீர்கள். அவளுக்கு வரவேண்டிய சின்னச் சின்ன அடிகளையெல்லாம் இத்தனை வருடம் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அன்பினால்தான், அதில் ஐயமில்லை. ஆனால் விழுந்து எழுந்து பழகாதவள் முதல் சுற்றிலேயே தோற்றதும் பலகையைப் பரணில் ஏற்றுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கணவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. (ஒருநாள்கூட அவளோடு உட்காராதவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டா என்பது வேறு வழக்கு.)

செய்து காட்டிய கணக்கையே அவள் வாசிப்பதும் இதே கதைதான். வாசிக்கும்போது யாரும் தோற்பதில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களுக்கு உரைப்பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, தாளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அப்படி எழுதிப் பார்க்கும்போது என்னென்ன தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே தெரிந்துவிடும். அந்தச் சங்கடத்தைத் தாங்கினால்தான் படிப்பு ஒட்டும். உங்கள் மகள் தாங்காதது கணக்கை அல்ல, அந்தச் சங்கடத்தை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் விடைத்தாளை மறைத்தாள். நீங்கள் அதைப் பார்த்ததை மறைத்தீர்கள். ஒரு வாரமாக அந்த 31-ஐ இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மூடிக்கொண்டிருக்கிறீர்கள். தோல்வியைத் தாங்காதவள் என்று அவளைச் சொல்கிறீர்கள், அந்த நோட்டைத் திறந்த நிமிடத்தில் நீங்கள் தாங்கினீர்களா? அதற்காக உங்களைக் கூண்டில் ஏற்றவில்லை. தாயும் கைக்குழந்தையும் கொஞ்சிக்கொள்வதை எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் பதிவுசெய்து பார்த்தார். நல்ல இணக்கமுள்ள ஜோடிகளிடம்கூட இருவரும் ஒத்துப்போகாத நேரமே அதிகம் என்று தெரிந்தது. ஒன்று சிரிக்கும்போது மற்றது வேறெங்கோ பார்க்கிறது, பிறகு சரிசெய்துகொள்கிறார்கள். அறுந்தது மறுபடி சேரும் என்ற நம்பிக்கை அந்தச் சரிசெய்தலில் இருந்துதான் குழந்தைக்கு வருகிறது. நீங்கள் கேட்ட பயிற்சி வகுப்பு அதுதான், அதை நடத்தக்கூடிய ஆள் நீங்கள்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘நான் பார்த்தேன், ஒரு வாரமாக உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை’ என்று ஆரம்பியுங்கள். முதல் வாக்கியத்தில் உங்கள் பயம் வரட்டும், அவள் குற்றம் பிறகு வரலாம். அழுவாள். உடனே சமாதானப்படுத்த ஓடாதீர்கள், பக்கத்தில் இருங்கள். ‘நீ புத்திசாலி, அடுத்த முறை 90 வாங்குவாய்’ என்று மட்டும் வேண்டாம். கள்ளக் கையெழுத்து போட்டது தவறு என்பதையும் ஒரே ஒரு தடவை, தெளிவாகச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடம் அவளே போய்ச் சொல்லட்டும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவளுக்காகப் பேசாதீர்கள்.

பள்ளிக்குக் கிளம்புமுன், அவள் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தை அவள் பார்க்கப் போடுங்கள். டியூஷனை மாற்றுவதா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.