செல்லின் ஆக்டின் இழைகள் ஜீன் படியெடுப்பை எப்படிப் பாதிக்கின்றன?

செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டினுக்கும் உட்கருவில் ஜீனிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கும் படியெடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது புரிந்ததே ஒரு பரிசோதனை சொதப்பிய பிறகுதான்.

வேலூரில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம். ஆக்டின் இழைகளை உடைக்க, எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசு செல்களில் சைட்டோகலாசின் டி என்ற மருந்தைப் போட்டேன். இழைகள் போனால் எஸ்ஆர்எஃப் என்ற புரதம் இயக்கும் ஜீன்களும் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. மைக்ராஸ்கோப்பில் இழைகள் நொறுங்கித்தான் கிடந்தன. ஜீன்களோ எகிறியிருந்தன! ட்யூபை மாற்றி வைத்துவிட்டேன் போல என்று மூன்று முறை திரும்பச் செய்தேன். அதே விடை.

நான் பார்த்தது இழையை. செல் கணக்கு வைப்பதோ இழையில் சேராத உதிரி ஆக்டினை. எம்ஆர்டிஎஃப் என்றொரு புரதம் உண்டு, எஸ்ஆர்எஃப்புக்குத் துணைவன். உதிரி ஆக்டின்கள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குப் போகவிடாமல் வைத்திருக்கும். செல்லுக்குச் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், கொடுத்தால் ரோ என்ற புரதம் விழிக்கும், உதிரிகள் இழைகளாகக் கோக்கப்படும், பிடிக்க ஆளில்லாமல் எம்ஆர்டிஎஃப் உள்ளே போய் எஸ்ஆர்எஃப்புடன் சேர்ந்து ஜீன்களைக் கிளப்பிவிடும். லண்டனில் ரிச்சர்ட் டிரைஸ்மன் குழு 2003-இல் காட்டியது இதைத்தான். உள்ளே போன பிறகும் விடுதலை இல்லை. உட்கருவிலும் உதிரி ஆக்டின் உண்டு, அது பிடித்தால் மறுபடி வெளியே தள்ளப்படும்.

எங்கள் வீடு குடியாத்தத்தில். நைனா லுங்கித் தறி போடுகிறவர். நூல் வாங்கக் கிளம்புவதை எப்படி முடிவு செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தறியப் பாத்து இன்னாம்மா தெரியும்? மூலையில கட்டு எத்தினி மிச்சம்னு பாக்கணும்" என்றார். இதைக் கேட்டு எனக்கு ஞானம் பிறந்தது என்று கதை விட மாட்டேன். விடையை முதலில் கட்டுரையில்தான் படித்தேன். ஆனால் பொருத்தம் அச்சு அசல். எம்ஆர்டிஎஃப் கிளப்பும் ஜீன்களில் ஆக்டினின் ஜீனும் ஒன்று. இருப்பு குறைந்தால் புதுச் சரக்குக்கு ஆர்டர் போகிறது.

சரி, சைட்டோகலாசின் என்ன செய்தது? அது உதிரி ஆக்டினோடும் ஒட்டும். ஒட்டி, எம்ஆர்டிஎஃப் இருந்த இடத்தைப் பறித்துக்கொள்ளும். இழை உடைந்தது உண்மை, எம்ஆர்டிஎஃப் தப்பித்ததும் உண்மை. லாட்ரன்குலின் பி என்ற இன்னொரு மருந்து அப்படியல்ல. அதுவும் உதிரியோடு ஒட்டி இழை சேர விடாது, ஆனால் எம்ஆர்டிஎஃப் மீதான பிடி அப்படியே இருக்கும், ஜீன்கள் அடங்கும்.

வேறு வழிகளும் உண்டு. கெட்டியான தளத்தில் செல் பரந்து உட்கார்ந்து இழைகளை இறுக்கினால் ஜீன்களைக் கிளப்பும் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் சேரும். நெஸ்ப்ரின், சன் புரதங்கள் வழியாக இழைகள் உட்கருவின் உறையையே பிடித்து இழுக்கவும் செய்யும். அவை தனிக் கேள்விக்கு உரியவை.

நீங்களும் சோதனை செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு மருந்தை மட்டும் நம்பாதீர்கள், இரண்டையும் போட்டுப் பாருங்கள். லாட்ரன்குலின் ஆர்டர் போட்டு வந்து சேரும்வரை நான் ட்யூப் லேபிள்களைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.